டிவி விளையாட்டு வர்ணனை: டெமோவில் என்ன இருக்கணும்?

கேள்வி: உள்ளூர் கால்பந்துக்கு மைக் பிடிக்கிறேன். சேனலுக்கு என் வர்ணனையோட டெமோ (மாதிரிப் பதிவு) அனுப்பணும். எவ்வளவு நீளம், எதை முதல்ல வைப்பது?

பதில்: 3 நிமிஷம் தாண்ட வேண்டாம். இசை, அறிமுகம் எல்லாம் தூக்கிட்டு நேரா ஆட்டத்துக்குப் போங்க. கோல் கத்தலை மட்டும் கோர்த்து அனுப்பாதீங்க; அது யாருக்கும் வரும். மந்தமான ஒரு நிமிஷத்தையும் சேருங்க, அதுலதான் நீங்க எவ்வளவு தயாரா வந்திருக்கீங்கன்னு தெரியும்.

பதில்: ரேடியோ பழக்கம் இருந்தா கவனம். படத்துல தெரியறதையே சொன்னா டிவியில எடுபடாது. பந்து யார்கிட்டன்னு பேர் மட்டும் போதும். கோல் விழுந்ததும் பேரைச் சொல்லிட்டு நிறுத்துங்க, கூட்டத்தோட சத்தம் கேக்கட்டும். ரீப்ளேயில அலசுறது பக்கத்துல உட்கார்ந்திருக்கிற முன்னாள் வீரரோட வேலை.

பதில்: டெமோ தேறினாலும் பலர் சொதப்புறது இயர்போன்லதான். இடைவேளைக்குப் போக டைரக்டர் காதுல 10லிருந்து எண்ணும்போது பேசிக்கிட்டே, பூஜ்யத்துல வாக்கியத்தை முடிக்கணும். யாரையாவது காதுல எண்ணச் சொல்லிப் பழகுங்க.