பக்கத்து வீட்டுக்குப் போகும் சப்வூஃபர் அதிர்வை எப்படிக் குறைப்பது?

எங்கள் ஹோம் தியேட்டர் அறையிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒலி போகிறது. வசனம் அவ்வளவாகக் கேட்பதில்லை. சப்வூஃபரின் (தாழ்ந்த 'தும் தும்' ஒலிக்கான தனி ஒலிபெருக்கி) அதிர்வுதான் தொல்லை. அவர்கள் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுப்பதை நானே நின்று கேட்டேன். அங்கே கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்துப் படம் பார்க்க எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

இடம் மதுரை, அடுக்குமாடியில் இரண்டாவது மாடி, சொந்த வீடு. அறை 14க்கு 11 அடி. பொதுச்சுவர் நாலரை அங்குலச் செங்கல். 5.1 ஒலியமைப்பு (ஐந்து ஒலிபெருக்கியும் ஒரு சப்வூஃபரும்), சப்வூஃபர் 10 அங்குலம். போன தீபாவளிக்குப் பொருத்தியது முதல் இப்படித்தான்.

சுவரில் ஃபோம் ஒட்டியதில் அறைக்குள் எதிரொலி அடங்கியது. வெளியே போகும் ஒலி துளியும் குறையவில்லை. எடையில்லாத பொருள் ஒலியை மறிக்காது. கனத்த திரைச்சீலைக்கும் அதற்குப் போதுமான எடை இல்லை. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்தபின் எங்கள் கூடத்தில் சத்தம் நன்றாகக் குறைந்தது. சப்வூஃபரைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் பாய்மேல் வைத்தேன். டம்ளர் சத்தம் ஓரளவு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

கையில் இருப்பது 40,000 ரூபாய். பொதுச்சுவரைத் தொடாமல் தனிச் சட்டம் நிறுத்தி, உள்ளே ராக்வுல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) அடைத்து, இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை அடிக்கலாம் என்று நினைக்கிறேன். கூரைக்கும் தரைக்கும் செலவழிக்கப் பணம் இல்லை.

அந்த ஒரு சுவரை மட்டும் இப்படிச் செய்தால், பக்கத்து வீட்டில் அதிர்வு குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையுமா?