குடும்பக் குழு: பெரியம்மாவின் ஊசி

பெரியம்மா: ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு. இடுப்புல டி ஸ்கோர், அதான் எலும்பு அடர்த்திக் கணக்கு, முன்ன மைனஸ் 2.8, இப்போ மைனஸ் 2.3.

செந்தில்: சூப்பர் பெரியம்மா! மைனஸ் 2.5-ம் அதுக்குக் கீழயும் இருந்தாத்தானே எலும்பு மெலிவு நோய்னு சொல்வாங்க, அதைத் தாண்டி வந்தாச்சு.

பெரியம்மா: அதான், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எலும்புக்குப் போடற ஊசியை விட்டுடலாம்னு பாக்குறேன். அடுத்த வாரம் போடணும். வலியும் இல்ல, எதுக்கு வீணா?

கவிதா: விட்டுடாதீங்க பெரியம்மா!! டெனோசுமாப் தானே?

பெரியம்மா: ஆமா, வயித்துல போடுவாங்களே.

கவிதா: எலும்பு தேயறப்போ வலிக்காது. ஒடிஞ்சாத்தான் தெரியும். ஸ்கோர் ஏறினதே ஊசியாலதான்.

செந்தில்: எலும்புக்கு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நடுவுல நிறுத்தச் சொல்றாங்களே அக்கா?

கவிதா: அந்த மாத்திரை, அலெண்ட்ரோனேட் மாதிரி மருந்து, எலும்புலயே ஒட்டிக்கும், நிறுத்தினாலும் கொஞ்ச வருஷம் வேலை செய்யும். இந்த ஊசி மருந்து அப்படி ஒட்டாது. எலும்பை அரிக்கிற செல்லுக்குப் போற சிக்னலைத் தடுக்கும், அவ்வளவுதான். ஊசியோட வேகம் தீர்ந்ததும் அதுவரைக்கும் அடங்கிக் கிடந்த செல்லெல்லாம் மொத்தமா கிளம்பிடும். ஏறின அடர்த்தி ஒண்ணு ரெண்டு வருஷத்துல போயிடும். சிலருக்கு கீழ விழாமலேயே முதுகெலும்பு ரெண்டு மூணு இடத்துல நொறுங்கியிருக்கு.

பெரியம்மா: இதை யாருமே சொல்லலையேடி!

கவிதா: மருந்து நல்ல மருந்துதான். 2009-ல வந்த பெரிய ஆய்வுல, 7,800-க்கு மேல பெண்கள், மூணு வருஷத்துல முதுகெலும்பு முறிவு 68% குறைஞ்சுது. நிறுத்தினா என்ன ஆகும்ங்கறதுதான் பின்னாடி மெல்லத் தெரிய வந்துச்சு.

ரவி மாமா: அக்கா, ஊசி எல்லாம் எதுக்கு? வைட்டமின் டி போதும்னு ஒரு வீடியோ வந்துச்சு, அனுப்பவா?

கவிதா: வேண்டாம் மாமா 🙏 25,000 பேருக்கு மேல வச்சு அஞ்சு வருஷம் பாத்தாச்சு, 2022-ல முடிவு வந்துச்சு. குறைபாடு இருக்கான்னு பாக்காம எல்லாருக்கும் குடுத்ததுல முறிவு குறையல. ஆனா பெரியம்மா, உங்களுக்கு டாக்டர் எழுதின கால்சியமும் டி-யும் விடக்கூடாது. இந்த ஊசி ரத்தத்துல கால்சிய அளவைக் குறைச்சிடலாம்.

சித்தி: கவி, எனக்கு 54. மைனஸ் 1.6. நானும் ஊசிக்குப் போகணுமா?

கவிதா: உடனே அப்படி இல்ல சித்தி. உங்களுக்குத்தான் சுவாரஸ்யமான சேதி. 2025-ல நியூசிலாந்து ஆய்வு: 50-60 வயசுப் பெண்கள் 1,054 பேர். சோலட்ரோனேட்னு அலெண்ட்ரோனேட் வகை மருந்து, நரம்புல ட்ரிப்ஸா ஒரு தடவை, அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை. பத்து வருஷத்துல புது முதுகெலும்பு முறிவு 6.3%, மருந்து போடாதவங்களுக்கு 11.1%. ஒரே தடவை போட்டவங்களுக்கும் 6.6% தான்!

சித்தி: பத்து வருஷத்துக்கு ஒரு ட்ரிப்ஸா!

கவிதா: எல்லாருக்கும் ஒத்துவராது, கிட்னி டெஸ்ட் பாத்துட்டுத்தான் போடுவாங்க. கேட்டுப் பாருங்க.

பெரியம்மா: அப்போ நான் ஆயுசுக்கும் குத்திக்கணுமா?

கவிதா: இல்ல. நிறுத்தறதா இருந்தா டாக்டரே பெரும்பாலும் இந்த ட்ரிப்ஸைத்தான் போட்டு நிறுத்துவார். நீங்களா விடாதீங்க, போன ஊசி போட்டு ஏழு மாசத்தைத் தாண்டவே கூடாது. பல்லு பிடுங்கற வேலை இருக்கா?

பெரியம்மா: கடவாப்பல் ஒண்ணு ஆடுது.

கவிதா: அதை ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இந்த ஊசி போடறவங்களுக்கு பல்லு பிடுங்கினா, ரொம்ப அபூர்வமா தாடை எலும்பு ஆறாம போகும்.

பெரியம்மா: செந்தில், திங்கக்கிழமை டோக்கன் போடுடா. பல் டாக்டருக்கும் சேத்து.

ரவி மாமா: வீடியோ நல்லாத்தான் இருந்துச்சு…