கவுன்சிலர் அறையில் சொன்னது வெளியே போனால் என்ன ஆகிறது? பார்த்ததைப் பகிருங்கள்

முத்துநகர் மைனா

எட்டாவது படிக்கிற பொண்ணு. வயித்துவலின்னு அடிக்கடி லீவு, ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. மத்ததை நீங்களே ஊகிச்சிருப்பீங்க. மூணாவது சந்திப்புலதான் வாயைத் திறந்தா. அதுக்கு முன்னாடி கையை நீட்டி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்"னு கேட்டா. பள்ளி கவுன்சிலர் அந்தக் கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டாங்க. அடுத்து வந்தது சொந்தக்காரர் ஒருத்தர் பேரு.

குழந்தைகளைப் பாலியல் குற்றத்துலேர்ந்து பாதுகாக்கிற போக்சோ சட்டம், அதுல பிரிவு 19 இருக்கே, சொல்லாம இருக்க முடியாது. அன்னிக்குச் சாயங்காலமே போலீசுக்குத் தகவல் போச்சு. சட்டப்படி ஒரு குறையும் இல்ல. ஆனா மறுநாள் வராண்டாவுல கவுன்சிலரைப் பார்த்ததும் அந்தப் பொண்ணு உள்ளங்கையைப் பாவாடையில அழுத்தித் துடைச்சா. அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னாடி, "ஒண்ணும் நடக்கல"ன்னு ஒரே வார்த்தை.

தப்பு சத்தியத்துலதான். முதல் சந்திப்புல, பேர் கேக்கும்போதே சொல்லிடணும்: "நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். ஆனா யாராவது உன்னைக் காயப்படுத்தினா, நீயே உன்னைக் காயப்படுத்திக்கப் போறேன்னா, இல்ல வேற யாருக்காவது ஆபத்துன்னா, என்னால மறைக்க முடியாது. அப்பவும் யார்கிட்ட என்ன சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்." நடுவுல கை நீட்டினா, "சத்தியம் பண்ண முடியாதும்மா, ஏன்னு சொல்றேன்"னு நிறுத்தணும். சில பிள்ளைங்க அன்னிக்கு எழுந்து போயிடும். போகட்டும். அதுல பல பேர் திரும்பி வருவாங்க.

சாக்பீஸ் தூள்

சத்தியம் கிடக்கட்டும் மைனா. அந்தப் பொண்ணு அறைக்குள்ள எப்படி வந்தா? அதை யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க.

ஒரு பள்ளியில் நடந்தது. கணக்கு வகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பியூன் வாசலில் நின்று, "ஒம்பதாவது பி, இந்தப் பையனை கவுன்சிலர் கூப்பிடுறாங்க" என்று பேர் சொல்லிக் கத்தினார். வகுப்பே "ஓ..." என்றது. பையன் எழுந்திருக்கவே இல்லை. பெஞ்சுக்கு அடியில் விழுந்த பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்தவன், பியூன் போகும்வரை நிமிரவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் பேர் 'மென்டல்'.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆள் வந்துவிடுவார். அறையை யார் தருவது? பெரும்பாலும் கிடைப்பது ஸ்டாஃப் ரூமுக்குள் ஒரு தடுப்பு, இல்லாவிட்டால் உடைந்த குளோப் கிடக்கிற ஸ்டோர் ரூம்.

செய்யக்கூடியது இதுதான். ஒருவனை மட்டும் கூப்பிடாதீர்கள். ஐந்தாறு பேரை ஒன்றாக, ஏதோ விவரம் சரிபார்க்கிற சாக்கில் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பேசுங்கள். துண்டுச்சீட்டு நூலகம், ஆபீஸ் அனுப்புகிற சீட்டு மாதிரியே இருக்கட்டும். பி.டி. பீரியடை எடுக்காதீர்கள், அதை இழந்த பையன் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டான். மேசைக்கு எதிரெதிரே உட்காராமல் நாற்காலியைச் சாய்வாகப் போடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் தெரியவேண்டும், பிள்ளையின் முகம் தெரியக்கூடாது. கதவுக்கு முதுகு காட்டியபடி பிள்ளை உட்கார்ந்தால் இரண்டும் சரியாகிவிடும்.

ஆலமரத்தடி

குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மைனா சொன்ன வழக்கில் சத்தியம் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. பிள்ளை சொன்னதற்கும் போலீஸ் வந்ததற்கும் நடுவில் எத்தனை பேர் விசாரித்தார்கள்? வழக்கமாக வகுப்பாசிரியை ஒரு தடவை, எச்.எம். ஒரு தடவை, தாளாளர் ஒரு தடவை. மூன்று தடவை சொன்னால் மூன்று விதமாக வரும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

ஒரு பள்ளியில் பிள்ளையை எச்.எம். அறையில் நிற்க வைத்து, "நல்லா யோசிச்சுச் சொல்லு, ஒரு குடும்பமே அழிஞ்சிடும்" என்றார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்போ வேண்டாம் சார்" என்றாள். அவ்வளவுதான்.

முதலில் கேட்டவரே கடைசியாகவும் கேட்டவராக இருக்கவேண்டும். "அப்புறம் என்னாச்சு?" என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். "அவர் இங்க தொட்டாரா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை பேசிய சொற்களை அப்படியே, கொச்சையாக இருந்தாலும் அப்படியே, தேதி, நேரத்துடன் எழுதுங்கள். 'பாலியல் சீண்டல்' என்று நீங்கள் மொழிபெயர்த்து எழுதினால் அது உங்கள் வாக்குமூலம். தகவலைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள், துணைக்கு ஆள் வருவார்கள். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். வாக்குமூலம் வாங்க வருபவர் சீருடையில் வரக்கூடாது, பிள்ளை விரும்புகிற இடத்தில் வாங்க வேண்டும், கூடியவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொன்னார்களா? சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். நலக் குழு மூலமாக ஆதரவு நபர் ஒருவரைக் கேட்டு வாங்கலாம், வழக்கு முடியும்வரை கூட இருப்பார். பல பள்ளிகளுக்கு இது தெரியவே தெரியாது.

மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர்மேல் வழக்குப் போட முடியாது. தாளாளர் மிரட்டினால் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பாலியாற்றங்கரை

இலங்கையில, எங்கட பக்கத்தில கவுன்சிலிங்கை உளவளத்துணை எண்டுதான் சொல்லுறது. பாடம் படிப்பிக்கிற ரீச்சருக்கே இதையும் பொறுப்புக் குடுத்திருப்பினம்.

2018, முல்லைத்தீவு மாவட்டம், தரம் 9 பெடியன். வகுப்பில ஒரே நித்திரை. ரீச்சர் விபரப் படிவம் ஒண்டு குடுத்தவ. தகப்பன்: உயிருடன் உள்ளார், காலமானார். ரெண்டு பெட்டி. பெடியன் ரெண்டையும் விட்டிட்டான். "ஒண்டைப் போடு" எண்டு ரீச்சர் சொல்ல, "நான் கோடு போட்டா அப்பா செத்த மாதிரியெல்லோ மிஸ்" எண்டானாம். தாய் 2017 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களுக்கான போராட்டக் கொட்டிலிலை. வீட்டில சமைச்சு, தங்கச்சியைப் பாத்து, படுக்கச் சாமம். நித்திரை வராமல் என்ன செய்யும்?

இப்பிடிப் பிள்ளையளிட்ட "ஏற்றுக்கொள், மறந்திடு" எண்டு சொல்லக்கூடாது. வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடுகளில இழப்பை ஏற்கிறதுக்குப் படிப்படியா வழி சொல்லியிருக்கும், உடல் கிடைக்காத வீட்டில அது வேலை செய்யாது. "அப்பாவைப் பற்றி வீட்டில எப்பிடிக் கதைப்பீங்கள்?" எண்டு கேட்டால் பிள்ளை "இருக்கிறார்" எண்டோ "இருந்தவர்" எண்டோ தானே சொல்லும். அதே சொல்லை நீங்களும் பாவியுங்கோ. படிவத்தில மூன்றாவது பெட்டி ஒண்டு போட அதிபரிட்டக் கேளுங்கோ. சமையல் பிரச்சினைக்கு ஆறுதல் வார்த்தை உதவாது, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோட கதைச்சு ராச்சாப்பாட்டுக்கு வழி பண்ணவேணும். அதுவும் உளவளத்துணைதான். அவசரமெண்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1929, மனநல நிறுவனம் 1926.

கடைசி பெஞ்ச் தன்னார்வலர்

பிளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு ஹெல்ப்லைன்ல ஒரு பையன். "விடைத்தாள் நகல் எப்படி வாங்குறது?"ன்னு மட்டும் கேட்டான். குரல் ரொம்ப நிதானம், பின்னாடி ரயில் அறிவிப்பு. அந்தப் பக்கம் இருந்தவங்க நகலை விட்டுட்டு, "தம்பி, செத்துடணும்னு தோணுதா?"ன்னு நேராக் கேட்டாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம், "ஆமா அக்கா." பேச்சை விடாம, இன்னொரு லைன்ல அப்பாவை வரவழைச்சாங்க.

கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, கேக்கிறதால வராது.

பெற்றோருக்கு ஒண்ணு சொல்றேன், யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ரிசல்ட்டைச் சொந்தபந்தம் கூடியிருக்கிற ஹால்ல பாக்காதீங்க, பிள்ளை தனியாப் பாக்கட்டும், நீங்க பக்கத்து அறையில இருங்க. மார்க் குறைஞ்சா அன்னிக்கு ராத்திரி அவனைத் தனியாப் படுக்க விடாதீங்க. மாத்திரை, பூச்சி மருந்து எல்லாத்தையும் முன்னாடியே பூட்டி வையுங்க. துணைத்தேர்வு சில வாரத்துலயே வந்துடும், பாஸ் ஆனா அதே வருஷம் காலேஜ் சேரலாம், இதை ரிசல்ட்டுக்கு முன்னாடியே சாதாரணமாச் சொல்லி வையுங்க. முதல்ல விடைத்தாள் நகல், அதைப் பாத்துட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடான்னு முடிவு பண்ணுங்க. "அடுத்த வீட்டு ஹரிணி..."ன்னு ஆரம்பிக்கிற வாக்கியத்தை அந்த மாசம் முழுக்க மறந்துடுங்க. சித்தப்பாவுக்குப் போன்ல "இவன் இப்படிப் பண்ணிட்டான்"னு சொல்றது பக்கத்து அறைக்குக் கேக்கும். மனநல உதவிக்கு 14416 டெலி மானஸ், 104 ரெண்டும் பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கட்டும், பள்ளிக்கல்வி உதவி எண் 14417-ம். எந்த விஷயமா இருந்தாலும் கவுன்சிலர் உடனே வீட்டுக்குச் சொல்லிடணும், அதுதான் என் கருத்து.

சாக்பீஸ் தூள்

கடைசி வரியை ஒத்துக்க முடியாது. வீடுதான் அடிக்கிற இடம் என்றால்? பதினேழு வயதுப் பெண் காதலிக்கிறாள் என்று வீட்டுக்குச் சொன்னால் அடுத்த முகூர்த்தத்தில் தாலி. அப்போது தகவல் போகவேண்டிய இடம் மாவட்டச் சமூகநல அலுவலர், அல்லது 1098. உயிருக்கு ஆபத்து என்றால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லுங்கள், சரி. சிகரெட், மார்க், சண்டை இதெல்லாம் பிள்ளையே வீட்டில் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள்.

முத்துநகர் மைனா

ஆலமரத்தடி, யார் யார் விசாரிச்சாங்கன்னு கேட்டீங்க. நீங்க சொன்ன அதே வரிசைதான். இன்னொண்ணு கேக்கணும். ஆய்வுக்கு வர்றவங்க கவுன்சிலர் நோட்டைக் கேட்டா?

ஆலமரத்தடி

இரண்டு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்றில் தேதி, வகுப்பு, ஆணா பெண்ணா, எத்தனை நிமிடம், இவ்வளவுதான், பேர் கூடாது. அதை யாருக்கும் காட்டலாம். மற்றொன்றில் பேருக்குப் பதில் எண், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறு பூட்டில். ஆய்வுக்கு இரண்டாவது நோட்டு போகக்கூடாது. நீதிமன்றம் எழுத்தில் கேட்டால் கொடுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.