கலர் பெயரால் குழம்பிய ஸ்டாம்ப் எது? அனுபவங்களைப் பகிருங்கள்

அணாபைசா:
நம்மூர் விக்டோரியா ராணி ஸ்டாம்ப், 1882, ஒரு அணா, ஸ்டார் வாட்டர்மார்க் (பேப்பருக்குள் தெரியும் நட்சத்திரக் குறி). ஸ்டாம்புகளைப் பட்டியலிடும் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக்கில் ‘பிரவுன் பர்ப்பிள்’ ஒரு வரி, ‘ப்ளம்’ ஒரு வரி. மொத்தமாக வந்த லாட்டில் இருந்தவை டியூப்லைட்டில் எல்லாமே ஒரே வாடிய கத்தரிக்காய்த் தோல். ஜன்னலோரம் கொண்டு போனதும் இரண்டு மட்டும் தனியாகச் சிவந்து தெரிந்தன. திரும்ப டியூப்லைட்டில் வைத்தால் பழையபடி மற்றவற்றோடு கலந்துவிட்டன. அந்த இரண்டும் ப்ளம்தானா? இதுமாதிரி பெயரால் மாட்டிக்கொண்ட ஸ்டாம்ப் இருந்தால் எழுதுங்கள்.

பல்விளிம்பு:
போட்டோ போட்டுக் கேட்காதவரை சந்தோஷம். ஸ்கேனருக்கு ஸ்கேனர் ஊதா மாறும், அதை வைத்து யாரும் சொல்ல முடியாது.

முதலில் பெயரைப் படிக்கும் முறை. இரண்டு நிறம் சேர்ந்து வந்தால் கடைசியில் வருவதுதான் அசல் நிறம், முன்னால் இருப்பது அதன் சாயல். பிரவுன் பர்ப்பிள் என்றால் பழுப்பு கலந்த ஊதா. பர்ப்பிள் பிரவுன் வேறு ஸ்டாம்ப். நடுவில் சாய்கோடு இருந்தால் பின்னால் வருவது பேப்பரின் நிறம். அதே 1882 வரிசையில் 12 அணா ‘பர்ப்பிள்/ரெட்’ என்பது சிவப்புப் பேப்பரில் ஊதா மை.

பார்க்கும் விதம்: சாம்பல் நிற மேட் அட்டையில் பஞ்சிங் மெஷினால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஓட்டை. ஒன்றின் கீழே உங்கள் ஸ்டாம்ப், மற்றதில் கலர் கீயின் (பெயரோடு நிற மாதிரிகள் உள்ள அட்டை) பட்டை அல்லது சந்தேகமில்லாத இன்னொரு ஸ்டாம்ப். வடக்குப் பக்க ஜன்னல், நேர் வெயில் கூடாது. மை கெட்டியாக நிரம்பிய இடத்தை மட்டும் ஒப்பிடுங்கள். முகத்தில் உள்ள மெல்லிய கோடுகளுக்கு நடுவே பேப்பர் வெள்ளை கலந்து, எந்த ஷேடும் ஒரு படி வெளிறித்தான் தெரியும். ஐந்து விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுங்கள். முறைத்துக்கொண்டே இருந்தால் கண் சலித்து எல்லாம் ஒன்றாகிவிடும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் அதன் சாயல் ஸ்டாம்ப் மேல் விழும், சிரிக்காதீர்கள்.

தாள்வாசி:
பெயரே பொறி வைத்த கதை ஒன்று. பிரிட்டனின் 1883-84 லைலாக் (வெளிர் ஊதா) அண்ட் கிரீன் வரிசை. பச்சை மதிப்புகளுக்குக் கேட்லாக் பெயர் ‘டல் கிரீன்’. ‘மங்கல்’ என்று பெயரிலேயே இருப்பதால், வெளிறிப்போன காப்பிகளை எல்லாம் இதுதான் டல் கிரீன் என்று விற்கிறார்கள். இங்கே ஒருவர் வாங்கிய ஒரு ஷில்லிங் அப்படித்தான்: கடுகு இலை பழுத்த மாதிரி மஞ்சளடித்த பச்சை. அது தண்ணீரில் ஊறிய ஸ்டாம்ப். அசலில் டல் கிரீன் கொஞ்சம் சாம்பல் ஓடிய, ஆனால் சீரான பச்சை. கோடுகள் கூர்மையாக இருக்கும்.

ஸ்டாம்ப் மேல் குத்திய தபால் முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டுகிறவர்களைத் தடுக்க, அச்சடித்த டி லா ரூ கம்பெனி கொண்டுவந்த மை அது. ரத்து செய்யப் பேனாவால் எழுதிய மையை அழிக்கப் போனாலும் கரையும், தண்ணீரிலும் கரையும். ஆகவே கவரிலிருந்து எடுக்கவே வேண்டாம். சுற்றி நாலு மில்லிமீட்டர் விட்டுப் பேப்பரோடு வெட்டி வையுங்கள். மை ஓடிய காப்பிக்கு மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். லைலாக் மதிப்புகளுக்கும் இதே கதிதான், நிறம் நீலத்துக்கோ ரோஸுக்கோ நழுவிவிடும்.

கோந்துக்காரன்:
‘சாக்லேட் ஷேடு, லிஸ்ட் ஆகாத ரேர்’ என்று ஒரு ஆரஞ்சு ஸ்டாம்ப் ஏலத்துக்கு வந்தது. பழைய ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்டும் சின்னக் காகிதத் துண்டு) பாதி மூடியிருந்த மூலையில் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு! அவ்வளவுதான் விஷயம்.

ஈயம் கலந்த ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு மைகள் காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கருக்கும். ஏலக்காரர்கள் ‘ஆக்சிடைஸ்டு’ என்று எழுதுவார்கள்; உண்மையில் அது சல்ஃபைடு. ஆல்பத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாலே போதும், ரப்பரில் கந்தகம் இருக்கிறது.

சரிசெய்ய: மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 3 சதவீதம். மெல்லிய பிரஷால் மை மேல் மட்டும் தடவி ஐந்து நிமிடம் பாருங்கள். கருப்பு ஈய சல்ஃபைடு வெள்ளை ஈய சல்ஃபேட்டாக மாறி, அடியிலிருக்கும் நிறம் வெளிவரும். வந்ததும் நிறுத்தி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பிளாட்டிங் பேப்பர் நடுவே கனம் வைத்துக் காயவிடுங்கள். கோந்து உள்ள மின்ட் (பயன்படுத்தாத) ஸ்டாம்ப், சுண்ணப் பூச்சுப் பேப்பர், மேலே தாள்வாசி சொன்ன கரையும் மை, இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள். வெர்மில்லியன் பாதரச மை. அது வெளிச்சத்தில் கருத்திருந்தால் பெராக்சைடு ஒன்றும் செய்யாது.

பல்விளிம்பு:
கோந்துக்காரன், யாரும் கேட்காமல் ஒரு லேபரட்டரியே திறந்துவிட்டீர்கள். பெராக்சைடு பட்ட ஸ்டாம்பை விற்கும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும், அந்த வரியை விட்டுவிட்டீர்களே.

கோந்துக்காரன்:
கருத்ததை ‘சாக்லேட்’ என்று விற்றவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. சரி, சொல்லத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

மைக்கோடு:
‘டிரியன் ப்ளம் இருக்கிறது, விலை என்ன?’ என்று வருடத்துக்கு ஒருவராவது பிரிட்டனின் ஏழாம் எட்வர்டு 2 பென்னியைக் காட்டுகிறார். நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். வழக்கமான 2 பென்னி பச்சை, கார்மைன் என இரண்டு நிறம். டிரியன் ப்ளம் ஒரே நிறம், டிசைனே வேறு. 1910-இல் 2 கோடியே 40 லட்சம் அச்சடித்து வைத்திருந்தார்கள். மே 6 அன்று எட்வர்டு மன்னர் இறந்ததும் வெளியீடு நின்றது, ஏறக்குறைய எல்லாம் அழிக்கப்பட்டன. தபாலில் போனதாகத் தெரிந்த காப்பி ஒன்றே ஒன்று, மே 5 அன்று வேல்ஸ் இளவரசருக்கு அனுப்பிய கவரில்.

நம்மூர் 1854 அரை அணா வெர்மில்லியனும் இப்படித்தான். சிவப்பைப் பார்த்து மயங்காமல் பக்கவாட்டு ஓரத்தில் வளைவுகளை எண்ணுங்கள். ஒன்பதரை வந்தால் மேற்கொண்டு பேசலாம். எட்டு வந்தால் அது நீலத்துக்கான டிசைன். சிவப்பில் இருந்தால் மாதிரி அச்சு, இல்லையென்றால் போலி.

தாள்வாசி:
அணாபைசாவின் லாட்டில் 9 பை (12 பை ஒரு அணா) இருந்தால் அதையும் பாருங்கள். ‘ரோஸ்’, ‘அனிலைன் கார்மைன்’ என்று இரண்டு. முன்பக்கத்தில் முட்டி மோதுவதைவிடத் திருப்பிப் போடுங்கள். அனிலைன் என்ற செயற்கைச் சாய மை பேப்பருக்குள் இறங்கிப் பின்பக்கம் ரோஸ் சாயல் காட்டும். 365 நானோமீட்டர் யூவி டார்ச்சில் பல அனிலைன் சிவப்புகள் ஒளிரும்.

பல்விளிம்பு:
பின்பக்கச் சாயலை மட்டும் நம்பி வாங்கினால் கை சுடும். ஈரம் பட்ட சாதாரண ரோஸும் பின்னால் கசியும். கசிவு திட்டுத்திட்டாக, முத்திரை மையும் சேர்ந்து ஓடியிருந்தால் அது தண்ணீர் வேலை. டிசைனின் உருவத்தோடு சீராக இருந்தால்தான் அனிலைன் என்று யோசிக்கலாம். யூவியில் பேப்பரே வெள்ளையாக ஒளிர்ந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறியது, அந்தச் சோதனை செல்லாது.

அணாபைசா:
அட்டையில் ஓட்டை போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்று ப்ளம் பட்டையோடு ஒட்டிப் போகிறது. இன்னொன்று முத்திரைக்கு அடியில் பிரவுன் பர்ப்பிள், வெளியே சிவப்பு.

மைக்கோடு:
அப்படியென்றால் அது வெயிலில் கிடந்தது. முத்திரை மை மூடின இடத்தில் பழைய நிறம் தங்கிவிடும். பச்சையில் மஞ்சள் வெளுத்து ‘நீல எரர்’ ஆக விற்பவற்றையும் இதே இடத்தில்தான் பிடிப்பது. அதை பிரவுன் பர்ப்பிள் பக்கத்திலேயே வைத்து, ‘வெளுத்தது’ என்று பென்சிலால் ஆல்பத்தாளில் எழுதிவிடுங்கள். ஸ்டாம்பின் பின்னால் எழுதாதீர்கள்.