மார்ஷல் டிஎஸ்எல்100 ஹெட்: நம்ம குமரியில வச்சு வாசிக்கலாமா, வேண்டாமா?

ஆறுகம்பி_தக்கலை:
நாகர்கோவில்ல ஒரு மார்ஷல் ஜேசிஎம்2000 டிஎஸ்எல்100 ஹெட் (வால்வுல ஓடுற 100 வாட் கிதார் ஆம்ப், ஸ்பீக்கர் தனி) விலைக்கு வந்திருக்கு, கூட 1960ஏ கேபினெட்டும் (நாலு ஸ்பீக்கர் உள்ள பெட்டி). 1997-ல வந்த வரிசை, இப்ப கம்பெனி செய்யறதில்ல. ஞாயிறு ஆராதனைக்கும் கல்யாண வீட்டுக் கச்சேரிக்கும் ஓட்டணும். "நின்னுபோன மாடலைத் தொடாத"ன்னு பாதிப்பேர் சொல்றாங்க, "இந்த சவுண்டு இனி கிடைக்காது"ன்னு மீதிப்பேர். காரணத்தோட சொல்லுங்க அண்ணன்மாரே.

மார்த்தாண்டம்_சால்டர்:
வேண்டாம் தம்பி. மாடல் நின்னுபோனது ஒரு குறையே இல்ல, குறை அந்த ஹெட்டோட மெயின் போர்டுல இருக்கு. பவர் வால்வு (ஸ்பீக்கரை ஓட்டுற கண்ணாடிக்குழாய்) நாலோட சாக்கெட்டும் அந்தப் போர்டுலயே ஈயம் வச்சு நிக்குது. இஎல்34-ங்கற அந்த வால்வு நாலும் விடுற சூட்டுல வருஷம் போகப்போக போர்டே லேசா கரண்ட் கடத்த ஆரம்பிக்கும். பக்கத்துல 450 வோல்ட் ஓடுது. வால்வோட கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்துற முனை) மைனஸ் பயாஸ் (அந்தக் கரண்டை அளவா நிறுத்துற வோல்டேஜ்) வர்ற வழியில பெரிய ரெசிஸ்டர் இருக்கும். அது 220 கிலோ ஓம்னு வச்சுக்கிட்டா, 10 மைக்ரோ ஆம்பியர் கசிஞ்சாலே கிரிட் 2.2 வோல்ட் மேல ஏறிரும். அப்ப ஒவ்வொரு வால்வும் 10 மில்லி ஆம்பியருக்கு மேல கூடுதலா இழுக்கும். கூட இழுத்தா கூட சூடு, கூட சூடுன்னா கூட கசிவு. கடைசில பிளேட் (வால்வுக்குள்ள ஹைவோல்டேஜ் நிக்கிற தகடு) சிவந்து பியூஸ் போகும், இல்லன்னா ஸ்கிரீன் ரெசிஸ்டர் (வால்வோட ஸ்கிரீன் முனைக்குப் போறது) கருகும்.

10 மைக்ரோ ஆம்பியர்னா 45 மெகா ஓம் கசிவு. அதுவும் போர்டு சூடா இருக்கும்போது மட்டும். ஆறின போர்டுல மல்டிமீட்டரை ஓம்ல வச்சுத் தொட்டா ஒண்ணும் காட்டாது. "செக் பண்ணியாச்சு, போர்டு நல்லா இருக்கு"ன்னு விற்கறவர் சொன்னா அதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

வால்வு_வெளிச்சம்:
அண்ணன் சொல்ற நோய் உண்மைதான். ஆனா நோய்க்கு மருந்து இருக்கும்போது ஹெட்டையே வேண்டாம்னு தள்ளுறது எனக்குச் சம்மதம் இல்ல. எல்லா டிஎஸ்எல்லுக்கும் இது வரும்னும் இல்ல, மார்ஷல் பிறகு போர்டைத் திருத்தி விட்டிருக்கு.

முதல்ல நோய் எதுன்னு பிரிச்சுப் பாக்கணும். பயாஸ் பார்க்க உள்ள மூணு பின் உள்ள ஒரு கனெக்டர் உண்டு. நடுப்பின் எர்த், ரெண்டு ஓரமும் ரெண்டு பக்கத்து வால்வு ஜோடிக்கு. மீட்டரை மில்லிவோல்ட்ல வச்சா, 1 மில்லிவோல்ட் 1 மில்லி ஆம்பியருக்குச் சமம், ஒரு பக்கத்து ரெண்டு வால்வுக்கும் சேர்த்து. கேபினெட்டை மாட்டி, வால்யூம் எல்லாம் பூஜ்யத்துல வச்சு ஆன் பண்ணி, 15 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை படிக்கணும். பிறகு ஒரு மணி நேரம் நல்லா சூடு ஏறுற மாதிரி வாசிச்சு, நிறுத்தி, மறுபடி படிக்கணும். நாலஞ்சு மில்லிவோல்ட் ஆடறது சகஜம். 80-ல இருந்து 95, 95-ல இருந்து 110-னு நிக்காம ஏறினாத்தான் வியாதி.

ஏறுறது ஒரு பக்கம் மட்டும்னா, ஆஃப் பண்ணி ஆறவிட்டு ரெண்டு பக்கத்து வால்வையும் இடம் மாத்துங்க. ஏற்றம் வால்வோட கூடப் போனா குற்றம் வால்வுல, அதே பக்கத்துல நின்னா போர்டுல, அல்லது கப்ளிங் கன்டன்சர் (கிரிட்டுக்கு சிக்னலைக் கொண்டுவர்றது) கசியுது. இந்த ரெண்டுல எதுன்னு பிரிக்க, கன்டன்சரோட கிரிட் பக்கக் காலைத் தூக்கிவிட்டு, வால்வு நாலையும் கழற்றி, 5-ம் பின்ல (கிரிட் பின்) மைனஸ் வோல்டேஜைப் பாத்துக்கிட்டே ஹேர்டிரையர்ல சாக்கெட் ஓரத்தைச் சூடாக்கணும். மைனஸ் 40-ல நிக்க வேண்டியது 38, 37-னு சரிஞ்சா போர்டேதான்.

மருந்து: 5-ம் பின்னை போர்டுல இருந்து முழுசாப் பிரிச்சு, கிரிட் ரெசிஸ்டரை நேரா பின் மேலயே ஈயம் வச்சு, பயாஸ் வர்ற வழியை டெஃப்ளான் வயர்ல காத்துல தனியா இழுக்கணும். போர்டு எவ்வளவு கசிஞ்சாலும் கிரிட்டைத் தொட வழியில்ல. நாலு சாக்கெட், பொறுமையான கை இருந்தா ஒரு பகல் வேலை.

மார்த்தாண்டம்_சால்டர்:
தம்பி, அந்த ஹேர்டிரையர் டெஸ்டை எல்லாரும் வாசிக்கிற இடத்துல எழுதுறப்ப முன்னாடி எழுத வேண்டியதை விட்டுட்டீங்க. வால்வு கழற்றினா இழுக்க ஆள் இல்லாம ஹைவோல்டேஜ் இன்னும் மேல ஏறி நிக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் பில்டர் கன்டன்சர்ல (ஹைவோல்டேஜைச் சேர்த்து வைக்கிறது) சார்ஜ் அப்படியே இருக்கும், ஆளைக் கொல்ற அளவுக்கு. 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர்ல இன்சுலேஷன் உள்ள கிளிப் மாட்டி எர்த்துக்கு இறக்கி, மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழ காட்டின பிறகுதான் உள்ள விரல் போகணும். ஸ்குரூ டிரைவர்ல ஷார்ட் பண்றது கூடவே கூடாது, கன்டன்சரும் போகும், கண்ணுக்கும் ஆபத்து. வால்வு ஆம்ப் திறந்து பழக்கம் இல்லாதவங்க இந்த வேலைல இறங்க வேண்டாம்.

இப்ப உங்க மருந்துக்கு வாறேன். நல்ல மருந்துதான், நானும் அதைத்தான் செய்வேன். ஆனா செஞ்ச ஹெட்டா, செய்யாத ஹெட்டாங்கறதுதான் தம்பி கேட்ட கேள்விக்கு விடை. செய்யாததுன்னா, வேலை தெரிஞ்சவர் கூலி, நாலு வால்வு, வயசான பில்டர் கன்டன்சர் எல்லாத்தையும் விலையோட கூட்டிப் பாருங்க. இன்னொரு வழியும் உண்டு. பீவி 5150 ஹெட் 1992-ல வந்தது. 2004-ல கிதார்காரர் எடி வான் ஹேலன் அந்தக் கம்பெனியை விட்டு விலகின பிறகு அதே சர்க்யூட் 6505-ங்கற பேர்ல ஓடுச்சு. பேர்தான் நின்னுச்சு, உதிரி பாகம் நிக்கல. நின்னுபோன மாடல் வாங்கணும்னா அந்த மாதிரிப் பாத்து வாங்கணும்.

வால்வு_வெளிச்சம்:
5150-ல பயாஸ் திருகவே வழி கிடையாது அண்ணே, கம்பெனி வச்ச அளவுல நிக்கும், அதுவும் குளிர்ச்சியா. கெட்டியான டிஸ்டார்ஷனுக்கு அது பொருந்தும். ஆராதனைல பாதி நேரம் கிளீனும் (உடையாத சவுண்டு) லேசான கிரஞ்சும்தான் (கொஞ்சம் உடைஞ்ச சவுண்டு). டிஎஸ்எல்லோட கிளாசிக் கெயின் சேனல்ல கிதாரோட வால்யூமைக் குறைச்சா கிளீன், கூட்டினா கிரஞ்ச், காலால ஒண்ணும் மிதிக்காமலே. பாட்டுக்காரர் குரலுக்குக் கீழ ஒதுங்கி நிக்க அந்தச் சேனல் ஒண்ணு போதும்.

கோட்டாறு_மிக்சிங்:
மிக்சர் பக்கத்துல இருந்து சொல்றேன், ரெண்டு பேரும் போர்டைப் பத்தியே பேசுறீங்க. சத்தத்தை யாரு பாக்கது?

1960ஏ-ல உள்ள ஜி12டி-75 ஸ்பீக்கர் ஒண்ணு 1 வாட்டுல 1 மீட்டர்ல 97 டெசிபெல் தரும். 100 வாட்டுக்கு அதோட 20 கூட்டினா 117. நாலு ஸ்பீக்கர் சேர்ந்தா இன்னும் மேல. உயரமான கூரை, கல்லுச் சுவர், பளிங்குத் தரை உள்ள கோவில்ல இதை நல்லாத் திறந்தா கொயர் மைக் எல்லாத்துலயும் கிதார்தான் ஏறும். ரெண்டாவது வரிசைல இருக்கிறவங்க காதைப் பொத்துவாங்க. திறக்காம வாசிச்சா பவர் வால்வு வேலையே செய்யாது. அந்த சவுண்டுக்காகத்தானே வாங்குறீங்க? ஒரு மாடலரை (ஆம்ப் சவுண்டை டிஜிட்டலாச் செய்யற பெட்டி) நேரா மிக்சருக்குக் கொடுத்தா பெட்டி தூக்கவும் வேண்டாம், எனக்கும் பேலன்ஸ் கையில இருக்கும்.

வால்வு_வெளிச்சம்:
சத்தம் பத்தின பேச்சு நியாயம். அதுக்கு ரெண்டு வால்வைக் கழற்றி ஓட்டலாம். வெளி ரெண்டையோ உள் ரெண்டையோ கழற்றணும், ஒரே பக்கத்து ரெண்டைக் கழற்றினா புஷ்-புல்லுல (ஒரு பக்கம் தள்ள, மறுபக்கம் இழுக்கிற அமைப்பு) ஒரு கை இல்லாம டிரான்ஸ்பார்மர் ஒருபக்கமா அடிபடும். ரெண்டு வால்வுக்கு டிரான்ஸ்பார்மர் இரண்டு மடங்கு ஓம் காட்டணும். அதனால 16 ஓம் கேபினெட்டை 8 ஓம் ஜாக்குல மாட்டணும். பிளேட் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், பயாஸைத் திரும்பப் பாக்கணும். இப்ப மீட்டர் ஒரு வால்வோட கரண்டை மட்டும் காட்டும்ங்கறதை மறக்காதீங்க.

கோட்டாறு_மிக்சிங்:
100-ஐ 50 ஆக்கினா குறையறது 3 டெசிபெல். எனக்கு அது போதாது அண்ணே.

வால்வு_வெளிச்சம்:
வால்யூம் குறைக்க அது போதாது, ஒத்துக்கறேன். சீக்கிரமா பவர் வால்வு வேலை செய்ய ஆரம்பிக்கும், வால்வுச் செலவும் பாதி, அவ்வளவுதான் அதோட லாபம். மீதியை ரியாக்டிவ் லோட் அட்டெனுயேட்டர்ல (ஹெட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல பவரைக் குறைக்கிற பெட்டி) குறைக்கலாம், இல்லன்னா கேபினெட்டைப் பக்கத்து அறைல வச்சு மைக் போடலாம். லோட் எதுவும் இல்லாம ஹெட்டை ஆன் பண்ணி வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிரும். கிதார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளா மாட்டறதும் கூடாது. உள்கம்பி மெலிசு, சூடாகி அறுந்தா அப்பவும் அதே கதிதான்.

மாடலர்ல ஒரு விஷயம். பத்து வருஷம் கழிச்சு அதோட சிப் போனா யாரும் மாத்தித் தர முடியாது. இந்த ஹெட்டுல உள்ள ரெசிஸ்டர், கன்டன்சர் எதை எடுத்தாலும் கையால கழற்றி மாட்டற சாமான்.

குளச்சல்_கரை:
கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள்ள இருக்கிற எங்களை மாதிரி ஆட்களுக்கு இந்த ஹெட் சரிவருமா? உப்புக்காத்துல கொக்கி, ஆணி எல்லாம் மாசத்துல துருவாகும். மழையும் ரெண்டு பருவமும் உண்டு நமக்கு.

மார்த்தாண்டம்_சால்டர்:
உங்களுக்கு நான் சொல்ற பதில் இன்னும் கண்டிப்பா இருக்கும் மக்கா, வேண்டாம். ஏற்கெனவே கசியப் பாக்குற போர்டு மேல உப்பும் ஈரமும் படிஞ்சா கேக்கவே வேண்டாம். ஜூன்லயும், ஐப்பசி கார்த்திகைலயும் பல நாள் ஆன் பண்ணாமலே கிடக்கிற ஹெட்டுக்குத்தான் அதிகச் சேதம்.

கையில ஏற்கெனவே ஹெட் வச்சிருக்கிற கரைக்காரங்க இதைச் செய்யலாம். சத்தம் திடீர்னு பாதியாக் குறைஞ்சா உடனே வால்வைக் குறை சொல்லாதீங்க. எபெக்ட்ஸ் லூப்புல (வெளி எபெக்டை மாட்டற பின்பக்க ஜாக் ரெண்டு) சென்ட்ல இருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிளை மாட்டுங்க. சத்தம் திரும்பினா ஜாக்குக்குள்ள இருக்கிற சுவிட்ச் தகடு கறுத்துப் போச்சுன்னு அர்த்தம். காண்டாக்ட் கிளீனர் அடிச்சு பிளக்கை இருபது தடவை ஏத்தி இறக்கினா சரியாகும். வால்வு பின்னுக்கும் அதே கிளீனர்தான், துணியில தொட்டு. மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் போடக்கூடாது, தூசியைப் பிடிச்சுக்கிட்டு அதுவே கசிவுக்கு வழியாகும். மழைக்காலத்துல வாரம் ஒருதடவை ஒரு மணி நேரம் ஆன்ல விட்டா, அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

கோட்டாறு_மிக்சிங்:
கரண்டைப் பத்தி யாரும் பேசல. ராத்திரி லோடு குறைஞ்ச நேரம் 250 வோல்ட் வந்தா 6.3 வோல்ட் ஹீட்டர் 6.85 ஆகும். பத்து சதவீத எல்லைக்குள்ளதான், ஆனா பிளேட் வோல்டேஜும் அதே கணக்குல ஏறும். திருவிழா ஜெனரேட்டர்ல 190-க்கு இறங்கினா ஹீட்டர் 5.2. வால்வுக்கு அதுவும் கேடு. 1 கேவிஏ சர்வோ ஸ்டெபிலைசர் இல்லாம இதைப் பந்தலுக்குக் கொண்டுவராதீங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல சதுர அலை வந்தா டிரான்ஸ்பார்மர் இரையும். அலையோட உச்சி குட்டையா இருக்கறதால ஹைவோல்டேஜும் குறையும், கிதார் சப்புன்னு ஆகும். சைன்வேவ் இன்வெர்ட்டர்தான் வேணும்.

ஹம் வருதுன்னு பிளக்குல எர்த் பின்னை வெட்டற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய. கிதார் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மைக்குல உதட்டை வைக்கிறவர் உயிர் அந்தப் பின்லதான் இருக்கு. ஆராதனைக்கு முன்னாடி மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு மைக்கோட கம்பிவலைக்கும் கிதார் கம்பிக்கும் நடுவுல அளங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்தைச் சரிபண்ணாம வாசிக்க வேண்டாம். ஹம்முக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்குக் கொடுக்கிற சின்னப் பெட்டி) போடுங்க, போதும்.

ஆறுகம்பி_தக்கலை:
நிறைய தெரிஞ்சுது, எல்லாருக்கும் நன்றி. பயாஸ் எவ்வளவு வைக்கணும்? 90-னு கேள்விப்பட்டேன்.

மார்த்தாண்டம்_சால்டர்:
ஒரு பக்கத்துக்கு 90 மில்லிவோல்ட், அதாவது வால்வுக்கு 45 மில்லி ஆம்பியர். அதுதான் பரவலாச் சொல்ற கணக்கு.

வால்வு_வெளிச்சம்:
அதுல எனக்கு உடன்பாடு இல்ல. இஎல்34 தாங்குறது 25 வாட். அதுல 70 சதவீதம் 17.5. உங்க ஹெட்டுல பிளேட் வோல்டேஜ் 460 வந்தா, 17.5-ஐ 460 ஆல வகுத்தா 38 மில்லி ஆம்பியர், பக்கத்துக்கு 76. 90 வச்சா வால்வுக்கு 20.7 வாட், ஐடில்லயே (வாசிக்காம சும்மா நிக்கும்போதே). சத்தத்துல வித்தியாசம் காதுக்குக் கஷ்டப்பட்டுத்தான் தெரியும், வால்வோட ஆயுளுலயும் போர்டோட சூட்டுலயும் நல்லாவே தெரியும். அதுவும் இந்தப் போர்டுக்கு ஒவ்வொரு வாட்டும் கணக்கு.

மார்த்தாண்டம்_சால்டர்:
அது சரி. நானும் 76-க்கு மேல போக மாட்டேன், 250 வோல்ட் வர்ற தெருவுன்னா 70. ஆனா தம்பி, ஹெட்டை வாங்கப் போகும்போது ஒண்ணு செய்யணும். காலையில போங்க, அதுக்கு முன்னாடி அவர் ஆன் பண்ணி வச்சிருக்கக் கூடாது. பின்பக்கம் 230 வோல்ட்னு எழுதியிருக்கான்னு பாருங்க. 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்னு இருந்தா அது அமெரிக்காவுக்குச் செஞ்சது. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ஸ்டெப்டவுன் போட்டாலும் டிரான்ஸ்பார்மர் கூடுதலாச் சூடாகும். கிரிட்டு வயரைக் காத்துல இழுத்திருக்கான்னு போட்டோ கேளுங்க. கடைசியா, ஒரு மணி நேரம் கேபினெட்டோட ஓடவிட்டு, கூட்டிட்டுப் போற ஆளை 15-வது நிமிஷத்துலயும் 60-வது நிமிஷத்துலயும் மில்லிவோல்ட்டைப் படிக்கச் சொல்லுங்க. அந்த ஒரு மணி நேரத்துக்கு விற்கறவர் சம்மதிக்கலன்னா விலையே பேசாண்டாம்.

வால்வு_வெளிச்சம்:
வால்வு நாலும் ஒரே கம்பெனியான்னும் பாத்துக்கிடுங்க. ரெண்டு ஒரு பேர்லயும் ரெண்டு வேற பேர்லயும் இருந்தா, முன்னாடி ஒரு பக்கம் எரிஞ்சு மாத்தியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். அப்படிப்பட்ட ஹெட்டுல ஸ்கிரீன் ரெசிஸ்டர் நாலையும் அளக்காம வாங்கக்கூடாது. 1 கிலோ ஓம் எழுதின இடத்துல 1.3 காட்டினா அதுவும் சூடு பட்டதுதான்.