புதுப்பிப்பு: வாட்டர் ஹீட்டர் ராடு தண்ணீரை மெதுவாகச் சுட வைத்த விவகாரம்

1500 வாட் ராடு ஒரு வாளித் தண்ணீரைச் சுட வைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கிறது, காயில் போய்விட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். வோல்டேஜையும் கரண்டையும் அளந்து பாருங்கள் என்று நண்பர்கள் சொன்னபடி அளந்தாயிற்று.

ராடு ஓடும்போது சாக்கெட்டில் 195 வோல்ட். ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 5.5 ஆம்பியர். (பேஸ் ஒயரை மட்டும் தனியாகப் பிடிக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும்.) காயிலின் மின்தடை 195 ÷ 5.5 = சுமார் 35.5 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் தர வேண்டிய காயிலுக்கு 230 × 230 ÷ 1500, அதாவது 35.3 ஓம். ஆக, காயில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கிடைக்கும் பவர் 195 × 5.5 = 1072 வாட்தான். வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் பவர் 28 சதவீதம் குறைகிறது. பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆயிற்றே.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். ராடை அணைத்தால் அதே சாக்கெட்டில் 208 வோல்ட். போட்டதும் 13 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. 13 × 5.5 = 71 வாட். அவ்வளவு சூடும் வழியில், பெரும்பாலும் ஏதாவது ஒரு லூஸ் இணைப்பில், வீணாகிறது. பிளக்கைத் தொட்டால் கொதித்தது, சாக்கெட்டின் ஒரு ஓட்டை பழுப்பேறியிருந்தது.

எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் சாக்கெட் மாற்றி, கருகிய ஒயர் முனையை வெட்டி முறுக்கினார். இப்போது 206 வோல்ட், 5.8 ஆம்பியர், கிட்டத்தட்ட 1195 வாட்.

காயிலின் மின்தடையை ஓம் மீட்டரில் நேரடியாகப் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ராடில் இருக்கும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) காயிலுக்குச் சரி, சூட்டில் அதன் மின்தடை அதிகம் மாறாது. குண்டு பல்புக்கு அது சரிவராது.