எல்க் வேட்டை: சுடுவதற்கு முன்னும் சுட்ட பின்னும்

எல்க் வேட்டைக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள் என்பதுதான். கொலராடோ மலைகளில் எங்கள் குழுவோடு சுற்றியதில் நான் பார்த்தவரை, குறி தவறி எல்க் கைவிட்டுப் போனது குறைவு. சுடுவதற்கு முன் காற்றைக் கவனிக்காமல் விட்டது, சுட்ட பின் அவசரப்பட்டது, இல்லாவிட்டால் அலட்சியமாக இருந்தது, இவற்றால் போனதுதான் அதிகம். புதிதாக வேட்டைக்கு வர நினைக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் கேட்டதால், எங்கள் கூட்டத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

எல்க்கைப் பார்க்காதவர்களுக்கு: அது ஒரு பெரிய மான், நம்மூர் மிளாவுக்குத் தூரத்து உறவு, குளிர் தாங்கும் உடம்பு. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். கொலராடோவில் மூன்று லட்சத்தை ஒட்டி எல்க் இருக்கின்றன. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு கிடையாது. இத்தனை இருந்தும் வேட்டைக்குப் போகிறவர்களில் சுமாராக ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே எல்க் அநேகமாக அழிந்தே போயிருந்தது. வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டு, வேட்டைக்குக் கட்டுப்பாடு போட்டுத்தான் மறுபடி பெருக்கினார்கள். வேட்டை உரிமத்துக்கு நாம் கட்டும் பணம் இன்றும் மாநில வனவிலங்குத் துறையின் செலவில் பெரும்பங்கைத் தாங்குகிறது. இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு புரிய கொஞ்ச காலம் பிடிக்கும்.

சரி, காற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மலையில் காற்று இரவெல்லாம் கீழே இறங்கும். குளிர்ந்த காற்று கனமானது, ஓடை வழியாகப் பள்ளத்துக்கு வழிந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறி சரிவு சூடானதும் அதே காற்று மேலே ஏறத் தொடங்கும். சாயங்காலம் நிழல் விழுந்தால் திரும்பவும் கீழே. எல்க்குக்கு இது அத்துப்படி. இரவில் புல்வெளியில் மேய்ந்துவிட்டு, விடியும்போது கீழிறங்கும் காற்றை நேராக மூக்கில் வாங்கியபடி மேலே ஏறி, வடக்குப் பார்த்த சரிவில் ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த இருட்டுக்குள் போய்ப் படுத்துவிடும். படுத்த பிறகு, கீழேயிருந்து ஏறும் காற்று அடிவாரத்துச் செய்தியை எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும்.

கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் மலைப் பக்கம் ஒரு செப்டம்பர் காலையில் என் மச்சினனும் நானும் ஒரு கூட்டத்தைப் பின்தொடர்ந்தோம். பெட்டைகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம், பின்னால் பெரிய ஆண் ஒன்று. விடியலில் காற்று நன்றாக எங்கள் முகத்தில் அடித்தது. மாட்டுக்கொட்டில் வாடையும் மூத்திர நெடியும் கலந்த அவற்றின் வாசம் எங்களுக்கே வந்தது. மச்சினன் வில்லோடு முன்னால் போனான். ஆஸ்பென் மரங்களைத் தாண்டும்போது சரிவின் மேல்பாதியில் வெயில் பட்டுவிட்டது. காற்றின் திசை பார்க்கச் சட்டைப்பையில் வைத்திருந்த பொடிக்குப்பியை அமுக்கினேன். பொடி ஒரு நொடி அப்படியே நின்றது, அப்புறம் வட்டமிட்டு மேலே போனது.

"மாப்ள, நில்லு. காத்து திரும்புது."

"அத்தான், இன்னும் எம்பது கெஜம்தான். இப்ப விட்டா போயிரும்."

அவன் நாலு எட்டு வைத்திருப்பான். மேலே நாய் குரைப்பது போல ஒரே ஒரு சத்தம். முன்னால் போகும் பெட்டை அப்படித்தான் எச்சரிக்கும். அடுத்து கிளைகள் முறியும் சத்தம், கல் உருளும் சத்தம், முடிந்தது. மிரண்ட எல்க் பக்கத்துப் புதரில் போய் நிற்காது. முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்கே போய்விடும்.

எங்கள் குழுவில் மீக்கர் ஊர்ப்பக்கம் மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிறுவயதிலிருந்து அந்த மலையில் இருப்பவர். அவர் இதைக் கேட்டுவிட்டு மச்சினனைத் திட்டவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். காற்று திரும்பும் அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட வேண்டும். எதையாவது சாப்பிட வேண்டும். எல்க் படுத்துவிட்டது, எங்கேயும் போகாது. காற்று சீராக மேலே ஏற ஆரம்பித்த பின், சுற்றிப் போய், பக்கவாட்டிலோ மேலேயிருந்தோ அணுக வேண்டும். மேகமூட்டமான நாளிலும் புயல் நெருங்கும்போதும் இந்தக் கணக்கு குழம்பும் என்பதையும் சொன்னார். அதற்குத்தான் பொடிக்குப்பி. இப்போது மச்சினன் நடக்கும்போது அதை எப்போதும் கையிலேயே வைத்திருக்கிறான்.

உடம்பில் வாடை போக்கும் ஸ்பிரே, வாடை வராத சோப்பு என்று கடையில் நிறைய விற்கிறார்கள். எல்க்கின் மூக்கை அவை ஏமாற்றி நான் பார்த்ததில்லை. அந்தக் காசுக்கு நல்ல காலுறை வாங்கலாம்.

அடுத்தது குரல் கொடுத்து வரவழைப்பது. செப்டம்பர் நடுவிலிருந்து இணைசேரும் பருவம் சூடுபிடிக்கும். ஆண் எல்க் கூவுவதை முதல்முறை கேட்பவர்களுக்கு அது மிருகத்தின் குரல் என்று நம்பவே முடியாது. அடித்தொண்டையில் ஆரம்பித்து, புல்லாங்குழல் போல உச்சிக்கு ஏறி, கடைசியில் உறுமலாக முடியும். அந்த மோகத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். எல்க் போலக் குரல் எழுப்பும் ரீடை வாயில் வைத்துக்கொண்டு ஓயாமல் கூவுகிறார்கள். கூட்டத்தை வைத்திருக்கும் ஆண், சண்டைக்கு ஆள் வருகிறது என்று நினைத்தால் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு விலகிப் போவதும் உண்டு. பெட்டையின் மெல்லிய குரல் பல சமயம் அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

குரலுக்கு வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சத்தம் வந்த இடத்தை அது துல்லியமாகப் பிடித்துவிடும். பெட்டை தெரிய வேண்டிய தூரம் வந்ததும் நின்று பார்க்கும். பெட்டை இல்லை என்றால் அதற்கு மேல் ஓர் அடி வைக்காது. அந்தத் தூரம் பெரும்பாலும் எண்பது, நூறு கெஜம், வில்லுக்கு எட்டாது. குரல் கொடுப்பவரும் அம்பு விடுபவரும் ஒரே மரத்தடியில் நின்றால் கடைசிவரை இதே கதைதான். குரல் கொடுப்பவர் ஐம்பது கெஜமாவது பின்னால் இருக்க வேண்டும். ஆண் எல்க் நின்று தேடும் இடம் அப்போது வில்காரருக்கு முன்னாலேயே வந்து விழும்.

எங்கே நிற்பது என்பதையும் சொல்ல வேண்டும். புதருக்குப் பின்னால் ஒளியத்தான் எல்லோருக்கும் தோன்றும். எங்களோடு வந்த ஒரு பெண், நல்ல வில்வித்தைக்காரர், ஒரு ஸ்ப்ரூஸுக்குப் பின்னால் நின்றார். ஆண் எல்க் முப்பது கெஜத்துக்கு வந்தது. வயிற்று மயிர் மூத்திரத்தில் நனைந்து கறுத்திருந்தது, கொம்பு நுனியில் கிழித்த மரப்பட்டை தொங்கியது, மூச்சு புகையாக வந்தது. நான் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முன்னால் கிளைகள். அம்பு போக வழியில்லை. வெளியே நகர்ந்தார், அது பார்த்துவிட்டது. மரத்துக்கு முன்னால் நின்றால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கிளைகளே உருவத்தை உடைத்துக் காட்டும், முன்னால் திறந்த வழி இருக்கும். அசையாமல் இருந்தால் போதும். எல்க் ஒரு மரத்தைக் கடக்கும்போது அதன் கண் மறையும். வில்லை இழுக்க வேண்டியது அந்தக் கணத்தில். அடுத்த பருவத்தில் அவர் அதைச் செய்தார், எல்க்கும் கிடைத்தது.

இனி நான் ரொம்பவும் கவலைப்படும் விஷயம். எல்க் அடிபட்டால் உடனே விழும் என்று நினைக்கக் கூடாது. நுரையீரலில் குண்டு பாய்ந்த பிறகும் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும், நாலு அடி நடக்கும், ஓடவும் ஓடும். டெக்சஸிலிருந்து வந்த ஒருவர் அக்டோபரில் பள்ளத்துக்கு அப்பால் நின்ற ஆணைச் சுட்டார். அது திரும்பி மெதுவாக மரங்களுக்குள் நடந்தது. தவறிவிட்டது என்று முடிவு கட்டி முகாமுக்குத் திரும்பினார். மாட்டுக்காரப் பெரியவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, சுட்ட இடத்தைக் காட்டு என்று கூட்டிப் போனார். அது நின்ற இடத்தில் வெட்டியெடுத்தது போலக் கொஞ்சம் மயிர் கிடந்தது. இருபது அடி தள்ளி, ஒரு புல்தாளில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம். நுரை என்றால் நுரையீரல். டார்ச் வெளிச்சத்தில் குனிந்தபடியே போனோம். மரங்களுக்குள் நூறு கெஜத்தில் இறந்து கிடந்தது. பெரியவர் எழுந்திராமல் இருந்திருந்தால் ஓர் உயிர் வீணாகக் காட்டில் அழுகியிருக்கும். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும், தவறியது உறுதி என்று தோன்றினாலும், அது நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். நாம் சுட்ட இடத்தில் ஒரு ஆரஞ்சு நாடாவைக் கட்டிவிட்டுக் கிளம்புவது நல்லது. பள்ளத்தைத் தாண்டியதும் எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரியும்.

நேர் எதிரான தப்பும் நடக்கும். ரத்தம் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்து, குடல் நாற்றம் அடித்தால் குண்டோ அம்போ வயிற்றில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் அது எழுந்து மைல்கணக்கில் போகும். ஆறு மணி நேரமாவது, முடிந்தால் அதற்கும் மேல், விட்டுவிட வேண்டும். நுரையீரல் அடி என்றாலும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது நல்லது. கஷ்டமான காத்திருப்புதான்.

கிடைத்தாயிற்று என்றால் வேலை அப்போதுதான் ஆரம்பம். இறைச்சியைக் கெடுப்பது சூடு. எல்க்கின் தோல் கனமானது, உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். செப்டம்பர் பகலில் தோலோடு சில மணி நேரம் விட்டால் தொடை எலும்பைச் சுற்றி உள்ளேயே கெட ஆரம்பித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, கத்தி எலும்பைத் தொடும்போது புளித்த நாற்றம் வரும். பக்கத்து முகாமில் போட்டோ எடுப்பதிலும் போன் சிக்னல் தேடி முகட்டில் ஏறி இறங்குவதிலும் மத்தியானம் வரை நேரத்தை விட்டவர்கள், இரண்டு பின்சப்பைகளை இழந்ததைப் பார்த்தேன். அந்தக் குடும்பம் அந்தக் கறியை நம்பித்தான் வந்திருந்தது. முதலில் தோலை உரித்து, சப்பை சப்பையாகப் பிரித்து, பருத்திப் பையில் போட்டு, காற்று படும் நிழலில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. சட்டப்படியும் நான்கு சப்பை, முதுகுக்கறி, உள்பக்கத்து மென்கறி இவ்வளவையும் காட்டிலிருந்து எடுத்துவந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் சுடுவதற்கு முன்பே, இதை எப்படி வெளியே சுமப்பது என்று யோசிக்கச் சொல்கிறேன். பெரிய ஆணின் ஒரு பின்சப்பை எலும்போடு 30 கிலோ வரும். 10,000 அடி உயரத்தில், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, அதை முதுகில் போட்டு இரண்டு மைல் ஏற வேண்டும். அப்புறம் திரும்பப் போய் அடுத்தது. ஆழமான பள்ளத்தின் அடியில் நிற்கும் எல்க்கை, ஆள் பலமோ குதிரையோ இல்லாமல் சுடுவதை எங்கள் குழு நிறுத்திவிட்டது. சென்னை, ஹூஸ்டன் மாதிரி கடல் மட்டத்து ஊர்களிலிருந்து நேராக வந்து மறுநாளே ஏறுபவர்களுக்குத் தலைவலி, வாந்தி வந்து முகாமிலேயே படுத்துவிடுவதும் நடக்கிறது. இரண்டு நாள் முன்னதாக வந்து தண்ணீர் குடித்து உடம்பைப் பழக்குங்கள்.

சட்ட விஷயத்தில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றது மாநிலத் துறை வருடாவருடம் வெளியிடும் கையேட்டில் இருக்கிறது. பல யூனிட்டுகளில், அதாவது வேட்டைக்காகப் பிரித்த பகுதிகளில், ஆணைச் சுட வேண்டுமானால் ஒரு கொம்பிலாவது நான்கு கிளை இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கிளை 5 அங்குல நீளம் இருக்க வேண்டும். அரையிருட்டில், பாதி உடம்பு மரத்தில் மறைந்திருக்கும்போது இதை எண்ண முடியாது. எண்ண முடியாவிட்டால் விரல் விசைக்குப் போகவே கூடாது. இரண்டாவது, மூஸ் என்ற இன்னொரு பெரிய மான். 1978-ல் நார்த் பார்க்கில் கொண்டுவந்து விட்டதிலிருந்து அது கொலராடோவில் நன்றாகப் பரவிவிட்டது, எல்க் என்று நினைத்து மூஸைச் சுட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மூஸ் கறுப்பாக இருக்கும், மூக்கு தொங்கும், எல்க்குக்கு இருக்கிற வெளிறிய பின்பக்கம் அதற்கு இருக்காது. ஆளைக் கண்டு ஓடாமல் நின்று பார்க்கிறது என்றால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். தப்பித் தவறி நடந்துவிட்டால் மறைக்காமல் அதிகாரியிடம் நாமே போய்ச் சொல்வதுதான் வழி.

கறி வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மான் இனங்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற நோய் இங்கே இருக்கிறது. 1967-ல் முதலில் கவனிக்கப்பட்டதே இந்த மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில்தான். பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கும் எல்க்குக்கும் அது இருக்கலாம். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் இருக்கும் மிருகத்தைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை ஒவ்வொரு எல்க்கின் கறியையும் தனித்தனியாகப் பெயரெழுதி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு பேருடைய கறியை ஒன்றாக அரைத்துக் கலந்துவிட்டால், ஒன்றில் நோய் என்று வந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதாகிவிடும்.